கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை

அன்புள்ள ஐயா,

திருச்சியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. காசு வாங்குவதில்லை. போன மாதம் ஒருவர், பட்டியலில் இருந்த எண்களுக்கு வரிசையாகக் கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை, உங்களுக்கெல்லாம் பொறுப்பே இல்லையா என்று கத்திவிட்டார். சும்மா செய்கிறவர்களிடம் இப்படிக் கேட்கலாமா?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

கேட்கலாம். கத்தியிருக்க வேண்டாம், அது வேறு விஷயம். ஐசியூ வாசலில் நிற்கிறவருக்கு நீங்கள் சம்பளத்துக்குச் செய்கிறீர்களா, சும்மா செய்கிறீர்களா என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் பட்டியலை நம்பித்தான் வேறெங்கும் தேடாமல் அதிலேயே நேரத்தை விட்டிருக்கிறார். அவருக்குக் கடைசியில் ரத்தம் கிடைத்ததா? கடிதத்தில் அது இல்லை.

ஏன் யாரும் எடுப்பதில்லை என்று பாருங்கள். ஒரு முறை கொடுத்தால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். கடைசியாகக் கொடுத்த தேதி இல்லாத பட்டியலில், போன வாரம் கொடுத்தவருக்கும் ஃபோன் போகும். அரிய வகையான ஓ நெகட்டிவ்காரர் பாடு இன்னும் மோசம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பார், அப்புறம் தெரியாத எண் என்றாலே எடுக்க மாட்டார். பணத்துக்கு ரத்தம் கொடுப்பது 1998-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது, தரகர்கள் ஒழிந்துவிடவில்லை. திறந்து கிடக்கும் பட்டியல் அவர்களுக்கும் சேர்த்துத்தான். பட்டியலிலிருந்து எண்களை நீக்கிவிட்டு நீங்களே நடுவில் நின்று பேசி இணைத்துவிடுங்கள். வேலை கூடும், தெரியும்.

எனக்குப் பெரிய கவலை வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றித்தான். “அவசரம், பி நெகட்டிவ், 2 யூனிட்” என்று ஒரு படம் வரும். ஆஸ்பத்திரி பெயர் இருக்கும், நோயாளியின் மகன் எண் இருக்கும், தேதி இருக்காது. மாதக்கணக்கில் சுற்றும். அப்பா போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகும் அந்தப் பையனுக்கு “ரத்தம் கிடைச்சுருச்சா தம்பி?” என்று ஃபோன் வரும். டெங்குவில் குறைந்துபோகும் ரத்தத் தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் டெங்கு சீசனில் வேண்டுகோள்கள் குவியும். பழைய படமும் புதியதும் கலப்பது அப்போதுதான். அனுப்பும்போதே தேதியும் நேரமும் போடுங்கள். கிடைத்ததும் அதே குழுக்களில் “கிடைத்துவிட்டது, இனி அழைக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள். அனுப்பியவர்தான் இதைச் செய்ய வேண்டும்; வேறு யாரும் செய்யப்போவதில்லை.

இணையப் பட்டியலின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருந்தால் இன்றைக்கே இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

தொடர முடியவில்லை என்றால் நிறுத்துவதில் தப்பே இல்லை. யாரும் பார்க்காத பக்கம் அப்படியே கிடப்பதுதான் தப்பு. சேவை நிறுத்தப்பட்டது என்று மேலேயே எழுதுங்கள். ரத்த வங்கிகளின் கையிருப்பைக் காட்டும் அரசின் இ-ரக்த்கோஷ் தளத்துக்கு வழி சொல்லிவிட்டு, உங்களிடம் இருக்கும் எண்களை எல்லாம் அழித்துவிடுங்கள்.