பேட்டில்ஷிப் என்றால் என்ன? எல்லாப் போர்க்கப்பலும் பேட்டில்ஷிப்தானா?

இல்லை. கடற்படைக் கப்பல்களிலேயே மிகப் பெரிய பீரங்கிகளும் மிகத் தடித்த உருக்குக் கவசமும் கொண்ட வகைக்கு மட்டுமே அந்தப் பெயர். அமெரிக்காவின் மிசூரி என்ற பேட்டில்ஷிப்பில், குழலின் உள்விட்டம் 406 மில்லிமீற்றர் உள்ள பீரங்கிகள் ஒன்பது. ஒரு குண்டு 1,225 கிலோ வரை இருக்கும். சுமார் 38 கிலோமீற்றர் பாயும். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான்.

கவசம் கப்பல் முழுவதற்கும் கிடையாது. பாரம் தாங்காது, வேகமும் போய்விடும். கொழுந்து பறிப்பவர்கள் ஈரச்செடி உரசும் இடுப்பைச் சுற்றி மட்டும் படங்கு கட்டுவார்களே, அதே கணக்குத்தான். எஞ்சினும் வெடிமருந்து அறையும் உள்ள நடுப்பகுதியில், நீர்மட்டத்தையொட்டி, மிசூரிக்கு 307 மில்லிமீற்றர் தடிப்பில் உருக்குப் பட்டை.

ஆனால் இடுப்புப் படங்கு மேலிருந்து கொட்டும் மழையைத் தடுக்காது. விமானங்கள் பீரங்கி எட்டாத தூரத்திலிருந்து வந்து, தளத்தின் மேல் குண்டும் பட்டைக்குக் கீழே, நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டோபிடோவும் போட்டன. 1941 டிசம்பர் 10இல் பிரித்தானியாவின் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் என்ற பேட்டில்ஷிப் மலாயாவுக்கு அப்பால் அப்படித்தான் மூழ்கியது. இந்த வகை வழக்கொழிய முக்கிய காரணம் இதுவே.

இன்று மிசூரி பேர்ள் ஹாபரில் அருங்காட்சியகம். ஜப்பானின் மிகாசா என்ற பேட்டில்ஷிப்பும் அப்படியே, யொகோசுகாவில். சதுரக்கோட்டுக் கொப்பியில் 10×10 கட்டம் வரைந்து ஆடும் கப்பல் மூழ்கடிக்கும் விளையாட்டில் பேட்டில்ஷிப்புக்கு 4 கட்டங்கள்.

மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கும், 1942இல் மூழ்கிய ஹெர்மிஸை பேட்டில்ஷிப் என்று எண்ணிவிட வேண்டாம். அது விமானந்தாங்கிக் கப்பல்.