லயத்துச் சுவரில் படம் வரைவதும் ஒரு படிப்புதான்

அக்கா, நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு மூணாறிலிருந்து வந்தீர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், அங்கே வாழ்கிறவர்களோடு சேர்ந்து சுவரோவியம் வரைவதையே படிப்பாகவும் தொழிலாகவும் எடுக்க அவளுக்கு ஆசை. அவள் முன்னாலேயே "இதெல்லாம் சோறு போடுமா சார்?" என்று கேட்டுவிட்டு நீங்களே கலங்கியும் போனீர்கள். அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் காட்டிய போட்டோக்களில் முடிந்த ஓவியத்தைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. பக்கத்து வீட்டுப் பாட்டி கொழுந்துக் கூடையை எப்படி மாட்டுவது என்று செய்து காட்டுகிறார். உங்கள் மகள் தான் போட்ட கோட்டை அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறாள். இந்த வேலைக்கு உயிரே அதுதான். கை சுத்தமாக வரைகிற பிள்ளைகள் நிறைய உண்டு. லயத்து ஆட்கள் சொல்வதைக் கேட்டு, வரைந்ததை அழிக்க மனசு வருகிறவர்கள் குறைவு.

இப்படி மக்களோடு சேர்ந்த கலை வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரிக் லோ என்ற ஓவியர் 1993-ல் இன்னும் சில கலைஞர்களோடு சேர்ந்து, பாழடைந்து கிடந்த 22 சிறு வீடுகளை மீட்டெடுத்தார். அங்கே கலைக்கூடங்களும் வந்தன, கைக்குழந்தையோடு தனியாக இருந்த தாய்மார்களுக்கு வீடும் கிடைத்தது. இங்கிலாந்தின் லிவர்பூலில் கிரான்பி தெருக்காரர்கள் இடிக்கவிருந்த தங்கள் வீடுகளைக் காக்கப் பல வருடம் போராடினார்கள். அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் என்ற கட்டட வடிவமைப்புக் குழுவுக்கு 2015-ல் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. நம் பக்கம் சென்னை கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடியிருக்கும் இடம் அது.

ஒன்றை அவளிடம் நானே சொல்கிறேன். சுவர் பளிச்சென்று ஆனதும் கூரை ஒழுகுவது நின்றுவிடாது. மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனதை நாம் மறக்க முடியாது. என்ன வரைவது என்பதை அங்கே வாழ்கிறவர்கள் தீர்மானிக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பிளஸ் டூ முடித்ததும் நான்கு வருட பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) சேரலாம். கேரளத்தில் திருவனந்தபுரம், மாவேலிக்கரை, திருச்சூரில் அரசு நுண்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மதிப்பெண் மட்டும் போதாது, வரைதிறன் தேர்வும் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் ஆட்களைப் பார்த்து வரையட்டும். சென்னை, கும்பகோணம் அரசுக் கல்லூரிகளும் நல்லவை. ஆனால் உங்கள் ரேஷன் கார்டு கேரளத்தில் இருக்கிறது. அதனால் வசிப்பிட விதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். மலையாளம் எழுதத் தயங்குகிறாள், அதைச் சரிசெய்யணும். இரண்டு மொழியிலும் பேசி வேலை வாங்கத் தெரிந்தவளுக்கு இந்த எல்லைப் பக்கத்தில் மதிப்பு அதிகம்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். இந்தத் துறையில் மாதச் சம்பளம் அபூர்வம். ஒரு திட்டம் முடிந்தால் அடுத்தது வரும்வரை காத்திருக்கணும். அதனால் படித்து முடித்ததும் பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் வேலைக்கோ, டிசைன் வேலைக்கோ போய்க்கொண்டு, பக்கத்தில் இதையும் செய்வதுதான் என் யோசனை. பட்டத்துக்கு அப்புறம் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தால் தொண்டு நிறுவனங்களிலும் கதவு திறக்கும்.

அடுத்த ஞாயிறு அவளைத் திரும்பக் கூட்டி வாருங்கள். முடிந்த ஓவியங்கள் வேண்டாம். அழித்து அழித்துக் கறுத்துப்போன அந்தப் பழைய நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.