மேல்முறையீட்டில் புதிய ஆதாரத்தைக் காட்டலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் சான் ஓசேயில் இருக்கிறேன். வீட்டைப் புதுப்பித்த ஒப்பந்தக்காரருக்கு 60,000 டாலர் தரச் சொல்லி சுப்பீரியர் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. நீதிபதி என் சாட்சியை நம்பவில்லை. இப்போது சில புகைப்படங்கள் கிடைத்திருக்கின்றன. மேல்முறையீட்டில் காட்டலாமா?

பதில்: முடியாது. உங்கள் மேல்முறையீடு போவது ஆறாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, அதுவும் சான் ஓசேயில்தான் இருக்கிறது. அங்கே ஜூரியும் இல்லை, சாட்சிக் கூண்டும் இல்லை. மூன்று நீதிபதிகள் கீழ்க்கோர்ட்டான சுப்பீரியர் கோர்ட்டின் கோப்பைப் படித்து, சட்டப்படி பிழை நடந்ததா, அந்தப் பிழையால்தான் நீங்கள் தோற்றீர்களா என்று மட்டும் பார்ப்பார்கள். இந்தியாவில் முதல் மேல்முறையீட்டில் சாட்சியத்தையே மறுபடி எடை போடுவார்கள். அந்த நினைப்போடு இங்கே போக வேண்டாம். யாரை நம்புவது என்பதை, சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியிடமே விட்டுவிடுவார்கள்.

சட்டக் கேள்வி என்றால் நிலைமை வேறு. உதாரணமாக, உரிமம் இல்லாமல் வேலை செய்த ஒப்பந்தக்காரர் கூலி கேட்டு வழக்குப் போட அந்த மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த வாதத்தை நீங்கள் அப்போதே வைத்து, நீதிபதி சட்டத்தைத் தவறாகப் படித்துத் தள்ளியிருந்தால், மேலே அதைப் புதிதாகவே பரிசீலிப்பார்கள்.

புகைப்படங்களுக்கு உள்ள வழி, அதே சுப்பீரியர் கோர்ட்டில் மறுவிசாரணை கேட்பதுதான். நியாயமான அளவு முயன்றிருந்தாலும் முன்பே கிடைத்திருக்காது என்று காட்ட வேண்டும். தீர்ப்பு பதிவான அறிவிப்பு உங்களுக்கு அனுப்பப்பட்டதிலிருந்து 15 நாள்தான் அவகாசம்.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். சிவில் விசாரணையில் பேசியதை எழுத்தில் பதிய நீதிமன்றமே ஆள் தரும் என்று நம்பியிருக்க முடியாது. பல வழக்குகளில் கட்சிக்காரர்தான் கோர்ட் ரிப்போர்ட்டரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். நீங்கள் அமர்த்தினீர்களா? அந்தப் பதிவு இல்லையென்றால், தீர்ப்பு சரி என்ற அனுமானத்தோடுதான் மேல் நீதிமன்றம் தொடங்கும், பெரும்பாலும் அங்கேயே முடித்துவிடும். நல்ல வழக்குகள்கூட இப்படி வீணாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேல்முறையீட்டு அறிவிப்பைச் சுப்பீரியர் கோர்ட்டிலேயே தாக்கல் செய்ய வேண்டும். கெடு, தீர்ப்பு பதிவான அறிவிப்பு உங்களுக்கு அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள். அந்த அறிவிப்பே வராவிட்டால் தீர்ப்பு பதிவானதிலிருந்து 180 நாள். ஒரு நாள் தாமதித்தாலும் வழக்கை எடுக்க அவர்களுக்கு அதிகாரமே இல்லை. எந்தச் சமாதானமும் எடுபடாது.

அப்புறம் பணம். மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நிற்காது. நிறுத்த வேண்டுமானால் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். அனுமதி பெற்ற பிணை நிறுவனம் மூலமென்றால் தீர்ப்புத் தொகையைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 90,000 டாலருக்கு. இதைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேல்முறையீட்டில் தோற்றால் மாநில உச்ச நீதிமன்றத்தைக் கேட்கலாம், ஆனால் எடுத்துக்கொள்வது அவர்கள் விருப்பம், பெரும்பாலான மனுக்களை எடுப்பதில்லை.

தீர்ப்பு பதிவான அறிவிப்பு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று இன்றே தேடி எடுத்து, மேல்முறையீடு மட்டுமே பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் கோப்பைக் காட்டுங்கள்.