கர்ப்ப காலத்தில் மனக்கவலை இருந்தால் குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிடுமா?

26 வாரம் ஆகிறது, தினமும் அழுகை வருகிறது, இதனால் குழந்தை சீக்கிரம் பிறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகன் 33 வாரத்தில் பிறந்தவன். அதனால் இந்தப் பயம் எனக்குத் தெரியும்.

நாங்கள் கோத்தகிரி பக்கம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை எழுதும் வேலை எனக்கு. அந்த வருஷம் கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார். மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் என்ன செய்வது, ராத்திரி வலி எடுத்தால் யார் கூட்டிப்போவது என்று யோசித்தே தூக்கம் போனது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு யாரிடமும் பேசவே பிடிக்கவில்லை.

குழந்தை பிறந்ததும் பார்க்க வந்தவர்கள், "நீ மனசைப் போட்டு அலட்டிக்கிட்டே, அதான் புள்ள முந்திக்கிச்சு" என்றார்கள். அந்த வார்த்தை ரொம்ப நாள் என்னை அரித்தது.

உண்மையில் கவலைக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை. மன அழுத்தம் நீடித்தால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். பிரசவ நேரத்தோடு சம்பந்தப்பட்ட வேறொரு ஹார்மோனை நஞ்சுக்கொடி சுரக்கிறது, கார்டிசால் அதைத் தூண்டக்கூடியது. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் குறைப்பிரசவம் சற்று அதிகம் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு நாள் நிறைந்துதான் பிறக்கிறது. உலகத்தில் பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் முடியுமுன் பிறக்கிறது. 2020இல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள். ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, தொற்று, முன்பே ஒரு குறைப்பிரசவம் என்று காரணங்கள் பல. பல சமயம் டாக்டர்களுக்கே காரணம் பிடிபடுவதில்லை.

எனக்கு டாக்டர் கண்டுபிடித்தது சிறுநீர்த் தொற்று. தேயிலைக் காட்டில் எங்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு நிற்பது எங்கள் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. என் மனசைக் குற்றம் சொன்னவர்கள் யாரும் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தத் தொற்று பிரசவ வலியை முன்கூட்டியே கொண்டுவரக்கூடியது. எரிச்சல் ஆரம்பித்து இரண்டு வாரமாகியும் நான் நர்ஸம்மாவிடம் வாயே திறக்கவில்லை, செக்கப்புக்கும் போகவில்லை. எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தேன். மனச்சோர்வு எனக்குச் செய்த பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் "கவலைப்படாதே" என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். யாராவது அப்படிச் சொன்னதும் கவலை போயிருக்கிறதா என்ன? தினமும் அழுகை, தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். குழந்தைக்காக மட்டும் இல்லை, உங்களுக்காகவும்தான். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி போன் எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், வயிறு விட்டுவிட்டு இறுகுவது, நீர் கசிவது, ரத்தம் படுவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108க்குக் கூப்பிடுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு நேரம்தான் எல்லாம். நான் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் பிறக்கும் முன்பே குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி போட முடிந்தது. 1 கிலோ 900 கிராம் இருந்தான். அந்தக் குளிரில் நானும் மாமியாரும் மாற்றி மாற்றி வெறும் மார்பில் அணைத்தே வைத்திருந்தோம். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறான்.

நாளைக்கே உங்கள் ஊர் நர்ஸம்மாவைப் பாருங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால், இங்கே எழுதிய கேள்வியை அப்படியே போனில் எடுத்துக் காட்டுங்கள்.