டேங்கர் ஓடாத நாளில் குஞ்சு பொரிப்பகத்துக்கு டீசல்

வணக்கமுங்க. 2024 ஜனவரி டேங்கர் ஸ்ட்ரைக் மாதிரி மறுபடியும் வந்தால் பல்லடத்தில் உங்க குஞ்சு பொரிப்பகத்து ஜெனரேட்டருக்கு என்ன செய்வது, அவசரத்துக்கு அரசு வைத்திருக்கும் எண்ணெய்ச் சேமிப்பு கைகொடுக்குமா என்று கேட்டிருந்தீங்க.

அந்தச் சேமிப்பை நம்பாதீங்க. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் பாறைக்குகைகளில் இருப்பது 53.3 லட்சம் டன் கொள்ளளவு. அதுவும் கச்சா எண்ணெய், டீசல் இல்லை. வெளிநாட்டு வரத்து நின்றால் உதவும். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோவை பக்கம் இருகூரில் உள்ள டெர்மினலுக்கு (எண்ணெய்க் கிடங்கு) குழாயிலேயே டீசல் வந்துவிடும். அங்கிருந்து பங்க் வரைக்கும் டேங்கர்தான். அறுபடுவது அந்தக் கடைசி முப்பது நாற்பது கிலோமீட்டர்.

அதனால் இருப்பு உங்க தோட்டத்திலேயே இருக்கணும். பெட்ரோலியச் சட்டம் 1934 பிரிவு 7-இன்படி, டீசல் ஒரே இடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளாததாகவும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். பெட்ரோலுக்கு இது பொருந்தாது, அதைச் சேர்த்து வைக்காதீங்க.

ஜெனரேட்டர் மணிக்கு 10 லிட்டர் குடித்தால் மூன்று நாளுக்கு 720 லிட்டர். 200 லிட்டர் பேரல் நாலு போதும். பழையதை முதலில் எடுத்து, புதியதை ஊற்றிக்கொண்டே இருங்க. அடியில் தண்ணீர் சேரும், கவனம். பேரலில் பிடிக்க பங்க்கில் மறுத்தால், எண்ணெய் நிறுவன அனுமதியோடு வீட்டுவாசலில் டீசல் தரும் வண்டியை வரச்சொல்லுங்க.

இன்னொன்று: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். பொரிப்பகங்கள் சேர்ந்து, தேவை எத்தனை லிட்டர் என்று இப்போதே மனு கொடுங்க. தட்டுப்பாடு வந்தபின் ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும்தான் முன்னால் நிற்கும், அதுதான் நியாயமும். 21 நாள் காத்த முட்டை வீணாகக்கூடாதுங்க.