தூண் கட்டத்துக்குள் நிற்க வேண்டுமா?

கேள்வி: காரைக்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு வீட்டு அறுபதாம் கல்யாண மலருக்கு ஏ4 அளவில் 40 பக்கம் லேஅவுட் செய்து கொடுத்தேன். மூன்று காலம் கிரிட் (பக்கத்தை மூன்று நெடும்பத்தியாகப் பிரிக்கும் கட்டம்), படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே. ‘சுத்தமா இருக்கு, ஆனா ரேஷன் கார்டு மாதிரி இருக்கு’ என்கிறார் வீட்டுக்காரர். படங்களைக் கிரிட்டுக்கு வெளியே தள்ளலாமா?

பதில்: தாராளமாகத் தள்ளலாம், ஆனால் ஐந்தாறு இடத்துக்கு மேல் வேண்டாம். மற்ற பக்கங்கள் ஒழுங்காக நின்றால்தான் ஒரு படம் மீறுவது கண்ணில் படும். 40 பக்கத்திலும் துருத்திக்கொண்டு நின்றால் பிரஸ்ஸில் கட்டிங் தப்பிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

ஆச்சி முகப்புத் தூணோரம் நிற்கிற படம் ஒன்று கட்டாயம் வைத்திருப்பீர்கள், உங்கள் பக்கத்து மலர்களில் அது இல்லாமல் இருக்காது. பின்னணியை நீக்கிவிட்டு, தூணைத் தலைப்பையும் தாண்டி மேல் விளிம்பு வரை ஏற்றுங்கள். ஆச்சியின் பாதம் மட்டும் பக்கத்து காலத்தின் கடைசி வரியோடு ஒட்டி நிற்கட்டும்; எங்காவது ஓரிடத்தில் கிரிட்டைப் பிடித்திருக்காவிட்டால் படம் மிதக்கும். விளிம்பில் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டிப் படம் நீளும் பகுதி) விட மறக்காதீர்கள்.

எழுத்தைப் படத்தைச் சுற்றி ஓடவிடுவதில்தான் நாம் மாட்டிக்கொள்வோம். ஆங்கில இதழ்களில் அது அழகாக வரும். நமக்கோ ‘கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரே சொல் பாதி காலத்தை அடைத்துக்கொள்ளும், இரண்டு ஓரமும் சீராக வரும்படி ஜஸ்டிஃபை செய்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். அதனால் படத்தின் ஒரே பக்கத்தில் எழுத்தை விடுங்கள், அந்த இடத்தில் மட்டும் இடப்பக்கம் சீராக, வலப்பக்கம் ஏற்ற இறக்கமாக. நடுவே 4 மி.மீ. இடைவெளி போதும்.

வளவை (வீட்டின் நடு முற்றத்தை) இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடலாம், தூண் வரிசை அதற்கென்றே செய்தது போல இருக்கும். மடிப்பு இரண்டு தூணுக்கு நடுவே விழட்டும்; மாப்பிள்ளை முகத்தில் விழுந்தால் பசை பைண்டிங் மூக்கை விழுங்கிவிடும், அப்புறம் உங்களைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக, இந்த மாதிரி பெரிதாக்கும் படங்களை வாட்ஸப்பில் வாங்காதீர்கள். 1600 பிக்சல் நீளமுள்ள படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 14 செ.மீ.கூட வராது, ஏ4 உயரமோ 29.7. பழைய ஆல்பத்தையே கேட்டு வாங்கி, கடையில் வைத்து ஸ்கேன் செய்துவிடுங்கள்.