மைதானத்தை முதலில் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கிராமத்துப் பெண்கள் கால்பந்துக் குழுவை நடத்திவருகிறேன். 18 பேருடன் தொடங்கினோம், இப்போது எட்டுப் பேர். நாங்கள் வளர்த்த பெண் நன்றியில்லாமல் நகரத்து அணிக்குப் போய்விட்டாள். மாலையில் பையன்கள் ஆடுவதால் எங்களுக்கு மதிய வெயிலில்தான் பயிற்சி. ஜெர்சிக்கு உதவுவார் இல்லை. கடைசி ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். பெண்களுக்கே ஆர்வம் போய்விட்டது என்று நினைக்கிறேன். குழுவைக் கலைத்துவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

கலைக்காதீர்கள். விதிப்படி ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம், உங்களிடம் ஒருவர் கூடுதலாகவே இருக்கிறார். ஒன்பது கோலை மறந்துவிடுங்கள். ஜெர்சி பழசாகவே இருக்கட்டும்.

போன பெண்ணிடம் நன்றி கேட்பது அசிங்கம். நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுத்ததால்தானே அவளை எடுத்தார்கள்? அவள் ஆடும் நாளில் மற்ற எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கைதட்டிவிட்டு வாருங்கள்.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மதிய வெயிலில் அல்லவா விஷயம் இருக்கிறது!

1920 டிசம்பர் 26. லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் ஆடினார்கள். பிரஸ்டன் நகரத்தில், போர்க்காலத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து உருவாக்கிய அணி. பார்க்க வந்தவர்கள் சுமார் 53,000 பேர். ஆர்வமில்லை என்று அன்றைக்கு யாராவது வாயைத் திறந்திருக்க முடியுமா? அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் கூடியது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒத்துவராது என்றது. பெண்களின் காலைக் கட்டிப்போட அதனால் முடியாது. ஆகவே தன் உறுப்பினர் கிளப்புகள் எதுவும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்றது. அது போதுமானதாக இருந்தது. டிக் கெர் பெண்கள் கிடைத்த திடலில் எல்லாம் 1965 வரை ஆடினார்கள், ஆனால் அந்தக் கூட்டம் திரும்பவில்லை. தடை நீங்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின. அதற்குள் ‘பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?’ என்று கேட்கும் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது.

நான் படித்த பள்ளியிலும் இதைப் பார்த்தேன். பெண்களுக்கு மைதானத்தின் ஒரு மூலை, கோல்போஸ்டுக்குப் பதில் நான்கு செருப்புகள். பந்து நடுவே உருண்டுபோனால் பையன்கள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நிற்பார்கள். கெஞ்ச வேண்டும். ஒருநாள் ஒருத்தி கெஞ்சவில்லை. அவன் காலடியிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, இன்னொருவனையும் வெட்டித் தாண்டி, பையன்களின் நிஜமான கோலுக்குள்ளேயே அடித்தாள். ஒருவரும் கைதட்டவில்லை. மறுநாள் பெண்களின் பயிற்சி மதிய இடைவேளைக்கு மாறியது. சாப்பாடா ஆட்டமா என்றால் பதினைந்து வயதில் யார் எதைத் தேர்வார்கள்? அந்த ஆண்டறிக்கையில், மாணவியரிடம் ஆர்வம் குறைந்ததால் அணி கலைக்கப்பட்டது என்று இருந்தது. நீங்களும் அதே வரியை எழுதியிருக்கிறீர்கள் என்பதால்தான் எனக்குக் கோபம்.

மைதானம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம் போங்கள். தனியாகப் போகாதீர்கள், எட்டுப் பேரும் வரட்டும். வாரத்தில் மூன்று மாலை, முழு மைதானம், எழுத்தில் வாங்குங்கள். பையன்கள் முணுமுணுப்பார்கள். அந்த மூன்று நாளும் மதியத்தில் ஆடட்டுமே, வெயில் அவர்களுக்கும் பழகும்.

ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்று அதற்குப் பிறகு எழுதுங்கள்.